‘வாட்ஸ்அப் கால்ல வா, யாராலும் கேட்க முடியாது’: எவ்வளவு உண்மை?

சொத்துத் தகராறு, கல்யாணப் பேச்சு, கட்சி விவகாரம், கடன் பாக்கி. பேச்சு கொஞ்சம் சூடானதும் எதிர்முனையில் ஒரு குரல் சொல்லும்: “கட் பண்ணு, வாட்ஸ்அப் கால்ல வர்றேன்.” சாதாரண கால் என்றால் யாராவது ஒட்டுக்கேட்பார்கள், நெட் கால் என்றால் கேட்க முடியாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த ‘பொது அறிவு’ ஆகிவிட்டது. அதில் பாதி சரி. மீதிப் பாதியில்தான் பணமும் நிம்மதியும் போகின்றன.

விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் மாதிரியான ஊர்களுக்கு இது வெறும் டெக் செய்தி இல்லை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களின் குடும்பம் ஓடுவதே நெட் காலில்தான். அப்பாவுக்கு சுகர் எவ்வளவு, நகையை எந்த பேங்கில் வைப்பது, தங்கச்சிக்கு வந்திருக்கும் வரன் எப்படி, எல்லாம் அதில்தான் முடிவாகிறது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றியதில் இறந்த ஏழு தமிழர்களில் ஒருவர் இதே மாவட்டத்தின் செஞ்சிக்காரர். அந்த அளவுக்கு நெருக்கமானது இந்த மண்ணுக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் உள்ள உறவு. அப்படிப்பட்ட பேச்சு யார் காதில் விழுகிறது என்பது வீட்டுப் பிரச்சினை.

பூட்டு எங்கே இருக்கிறது?

முதலில் சாதாரண கால். உங்கள் போனிலிருந்து டவர் வரைக்கும் குரல் குறியாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. டவரைத் தாண்டி நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழைந்ததும் அந்தப் பூட்டு கழன்றுவிடும். அரசு முறைப்படி உத்தரவு கொடுத்தால் அங்கே ஒட்டுக்கேட்க முடியும். அதற்கான ஏற்பாட்டை எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஆனால் அதிகாரிக்காகத் திறந்து வைத்த கதவு திருடனுக்கும் திறக்கும். 2024இல் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. ‘சால்ட் டைஃபூன்’ என்று பெயரிடப்பட்ட சீன ஹேக்கர் குழு ஏடி அண்ட் டி, வெரைசான் போன்ற நிறுவனங்களுக்குள் புகுந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒட்டுக்கேட்பதற்காக வைத்திருந்த அமைப்புகளையும் அது விடவில்லை. அந்த டிசம்பரில் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையே, குறிவைக்கப்பட வாய்ப்புள்ள முக்கியப் புள்ளிகளுக்கு, முனைக்கு முனை குறியாக்கம் உள்ள ஆப்களில் பேசுங்கள் என்று அறிவுரை சொன்னது.

நெட் காலில் நடப்பது வேறு. உங்கள் குரல் 20 மில்லிசெகண்ட் அளவிலான துணுக்குகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துணுக்கும் உங்கள் போனிலேயே பூட்டப்பட்டுக் கிளம்புகிறது. சாவி இரண்டு போன்களில் மட்டும். நடுவில் ஜியோ இருந்தாலும் சரி, மெட்டாவின் சர்வர் இருந்தாலும் சரி, பார்ப்பது பூட்டிய பொட்டலத்தைத்தான். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் சிக்னலின் நெறிமுறையை எடுத்து எல்லோருக்கும் இதைக் கொண்டுவந்தது. ‘பாதி சரி’ என்று சொன்னது இந்தப் பாதியைத்தான். இதை உடைத்துக் கேட்பது லேசில் நடக்காது.

ஆனால் ‘எண்ட் டு எண்ட்’ என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கொரோனா காலத்தில் உலகமே ஜூமில் குடியிருந்தபோது, அந்த நிறுவனம் அப்படித்தான் விளம்பரம் செய்தது. உண்மையில் சாவி அதன் சர்வர்களிலும் இருந்தது. பயனர்களை ஏமாற்றியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2020 நவம்பரில் விவகாரம் சமரசத்தில் முடிந்தது. நம்ம ஊர் ஸோஹோவின் ‘அரட்டை’ 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று டவுன்லோடு பட்டியலில் மேலே போனபோது, அதன் அழைப்புகளுக்கு இந்தப் பூட்டு இருந்தது. எழுதி அனுப்பும் செய்திகளுக்கு அப்போது இல்லை. டெலிகிராமிலும் இருவர் பேசும் கால் பூட்டப்பட்டது, வழக்கமான சாட் அப்படியில்லை. ஒரே ஆப், இரண்டு விதி. இதை ஆப் நிறுவனங்கள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. 2007, 2008 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூட்டை உடைக்காமலே உள்ளே இருப்பதை ஊகிக்க முடியும் என்று காட்டினார்கள். பேசும் ஒலிக்கு ஏற்ப பொட்டலத்தின் அளவு கூடிக் குறைந்தால், அந்த அளவுகளின் வரிசையை வைத்தே பேசுவது எந்த மொழி, குறிப்பிட்ட ஒரு வாக்கியம் அதில் வருகிறதா என்று கணிக்கலாம். இதற்கு மருந்து, எல்லாப் பொட்டலத்தையும் ஒரே அளவில் அனுப்புவது. சிக்னல் அதைச் செய்கிறது.

துபாயில் ஒரு ‘இலவச’ கால்

பூட்டு உறுதியாக இருந்தால் போதுமா? எந்த ஆப்பில் பேசுவது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால் போதும். அமீரகத்தில் இருக்கும் தொழிலாளிக்கு அந்தத் தேர்வு இல்லை. அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். கால் பேச முடியாது, தடை. ‘போட்டிம்’ மாதிரி அனுமதி பெற்ற ஆப்களில், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தனியாகக் காசு கட்டித்தான் பேச வேண்டும் என்பது பல வருட வழக்கம். விபிஎன் போட்டுப் பேசலாமே என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டு சைபர் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றிக் காட்டினால் சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். லேபர் கேம்ப்பில் இருப்பவர் ஏன் ரிஸ்க் எடுக்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் 2019இல் ‘டோடோக்’ வந்தது. இலவசம். விபிஎன் வேண்டாம். வீடியோ தெளிவாக இருந்தது. எல்லா ஆப்புக்கும் தடை போடும் நாட்டில் இது மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வழி கிடைத்தவரிடம் அந்தக் கேள்வியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. 2019 டிசம்பர் 22 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அமெரிக்க உளவுத்துறை மதிப்பீட்டின்படி இது அமீரக அரசின் உளவுக் கருவி என்றது அது. பேச்சு, நடமாட்டம், யாரோடு யாருக்குப் பழக்கம் என எல்லாவற்றையும் இது கண்காணிக்கிறது என்றும் சொன்னது. கூகுளும் ஆப்பிளும் ஆப்பைத் தூக்கின. நிறுவனமும் அமீரகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பும் மறுத்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆப்பைப் பிரித்துப் பார்த்த பாதுகாப்பு ஆய்வாளருக்குத் திருட்டுத்தனமான மால்வேர் எதுவும் கிடைக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. மைக், கேமரா, லொகேஷன், கான்டாக்ட் லிஸ்ட் என்று கேட்ட அனுமதி எல்லாவற்றையும் பயனர்களே ‘அலவ்’ தட்டிக் கொடுத்திருந்தார்கள். துபாயில் இருப்பவர் கான்டாக்ட் லிஸ்ட்டைக் கொடுத்தால், அதில் ‘அம்மா வீடு’, ‘மாமா திருக்கோவிலூர்’, ‘டெய்லர் அண்ணன்’ எல்லோரும் சேர்ந்தே போகிறார்கள். அந்த ஆப்பை வாழ்நாளில் பார்த்திராத அம்மாவின் நம்பரும் எங்கோ ஒரு பட்டியலில் ஏறுகிறது.

எடுக்காத காலும் ஆபத்தா?

ஆம், ஒருமுறை அப்படி நடந்தது. 2019 மே மாதம் வாட்ஸ்அப் ஓர் ஓட்டையை அடைத்ததாக அறிவித்தது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் ‘பெகாசஸ்’ வேவு மென்பொருள், வாட்ஸ்அப் காலாக வந்து, நீங்கள் எடுக்காவிட்டாலும் போனுக்குள் இறங்கியது. உலகம் முழுக்க சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். இந்தியாவில் 121 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அரசிடம் வாட்ஸ்அப் தெரிவித்தது. போனையே பிடித்துவிட்ட பிறகு பூட்டு எதற்கு? குரல் பூட்டப்படும் முன்பே மைக்கில் கேட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் தொடர்ந்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க ஜூரி 16 கோடி டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. பிறகு நீதிபதி அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்தாலும், வாட்ஸ்அப்பைக் குறிவைக்கவே கூடாது என்று என்.எஸ்.ஓ.வுக்கு நிரந்தரத் தடை போட்டார். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு அமைத்தது. ஆய்வு செய்த 29 போன்களில் 5இல் ஏதோ மால்வேர் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதோடு நிற்காமல் போயிருக்க வேண்டிய விவகாரம் அது.

பெகாசஸ் விலை அதிகம். திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர் மீது யாரும் அதை வீணாக்கப் போவதில்லை. ஆனாலும் ‘அப்டேட் வந்திருக்கு’ என்ற அறிவிப்பை ஆறு மாதமாகத் தள்ளிவிடும் பழக்கம் நல்லதல்ல.

என்ன பேசினீர்கள் என்பது தெரியாது, யாரிடம் என்பது தெரியும்

பூட்டு குரலுக்குத்தான். கால் நடந்தது என்ற தகவலுக்கு இல்லை. ராத்திரி 11 மணிக்கு வக்கீலுக்கு ஒரு கால், உடனே அண்ணனுக்கு ஒரு கால், காலையில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஒரு கால் என்றால் உள்ளே என்ன பேச்சு என்று கேட்கத் தேவையில்லை. ஆப் நிறுவனத்திடம் இந்தத் தடம் எவ்வளவு இருக்கும் என்பது அந்தந்த நிறுவனத்தின் குணம். 2016இல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவுடன் வந்து கேட்டபோது சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அது சேமிக்கவே இல்லை. மெட்டா அவ்வளவு சிக்கனமான நிறுவனம் அல்ல.

அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு, உங்கள் இணைய சேவை நிறுவனம். எந்த நேரத்தில் எந்த ஐ.பி. முகவரியோடு உங்கள் போன் இணைந்தது என்ற பதிவை அது வைத்திருக்கும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி, இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. வாட்ஸ்அப்பில் இருவர் பேசும்போது பெரும்பாலும் இரண்டு போன்களும் நேராகவே இணைகின்றன. அதனால் எதிரில் இருப்பவருக்கும் உங்கள் ஐ.பி. முகவரி தெரிய வழியுண்டு. அதை வைத்து ஏறத்தாழ எந்த ஊர் என்று சொல்லலாம். 2023 நவம்பரில் இதற்கு ஒரு வசதி வந்தது. செட்டிங்ஸ், பிரைவசி, அட்வான்ஸ்டு என்று போனால் ‘கால்களில் ஐ.பி. முகவரியைப் பாதுகாக்கவும்’ என்ற சுவிட்ச் இருக்கும். போட்டால் கால் வாட்ஸ்அப் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், தெளிவு கொஞ்சம் குறையலாம். பிரிந்துபோன கணவருக்கோ தொல்லை கொடுக்கும் முன்னாள் காதலருக்கோ பதில் பேச வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

மறுமுனையில் யார்?

பூட்டு உங்கள் பேச்சை மற்றவர்களிடமிருந்து காக்கும். பேசுவதே திருடனிடம் என்றால் அந்தப் பேச்சையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த விஷயத்தில் திருவெண்ணெய்நல்லூருக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. புத்தூரில் சுந்தரரின் கல்யாணப் பந்தலில் வந்து நின்ற ஒரு முதியவர் ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வந்தது என்கிறது பெரியபுராணம். கிழிந்தது நகல்தான், மூலம் என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். சபையார் அவரது வயதையோ கோலத்தையோ பார்த்து நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் ஒப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. (வந்தவர் யார் என்பது அந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும்.) ஆள் கொண்டுவந்த ஆதாரத்தை அந்த ஆளை வைத்தே சரிபார்க்கக் கூடாது என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தது.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கும்பல் பிழைப்பதே இந்த ஒரு விதியை மறக்கடித்துத்தான். வீடியோ காலில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம், கையில் ‘வாரண்ட்’. எல்லா ஆதாரமும் அவர்களே கொண்டுவந்தது. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, டிஜிட்டல் அரெஸ்ட்டும் அது சார்ந்த மோசடிகளுமாக 2022இல் 39,925 புகார்கள், இழப்பு 91 கோடி ரூபாய். 2024இல் 1,23,672 புகார்கள், 1,935 கோடி ரூபாய். இந்தியச் சட்டத்தில் வீடியோ காலில் கைது என்று ஒன்று கிடையவே கிடையாது. கட் பண்ணிவிட்டு, திருவெண்ணெய்நல்லூர் காவல் நிலையத்துக்கு நடந்து போய்க் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம். பணம் போயிருந்தால் உடனே 1930.

இன்னும் இரண்டு தந்திரங்கள். ஒன்று, காலில் இருக்கும்போதே ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொல்வது. அந்த நேரம் வரும் ஓடிபி அவர்கள் கண்ணுக்குத் தெரியும். இரண்டு, நட்சத்திரக் குறியோடு ஏதோ ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வது. அது கால் ஃபார்வர்டிங். வாட்ஸ்அப்புக்கான ஓடிபியை குரல் அழைப்பாகக் கேட்டால் அது திருடன் போனுக்குப் போகும், உங்கள் கணக்கும் போகும். இதனால்தான் *401# முறையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை.

நண்பரின் கணக்கை யாராவது பிடித்துவிட்டார்களா என்று பார்க்க வாட்ஸ்அப்பிலேயே வழி உண்டு. கான்டாக்ட் பக்கத்தில் ‘என்கிரிப்ஷன்’ என்பதைத் தொட்டால் 60 இலக்க எண் வரும். இருவர் போனிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அவர் புது போனுக்கு மாறினாலும் எண் மாறும் என்பதால், மாறியதும் பதற வேண்டாம். வேறு வழியில் ஒரு தடவை கேட்டுவிடலாம். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள் ஒரு ரகசிய வார்த்தையை வைத்துக்கொள்வது இன்னும் எளிது. குரலையே ஏ.ஐ. நகலெடுக்கும் காலத்தில், “அம்மா, அவசரமா பணம் போடு” என்று மகன் குரலில் வரும் காலுக்கு அந்த வார்த்தைதான் பாட்டன் ஓலை.

அரசு கண்டுபிடித்த மருந்து

இந்த மோசடிகளைக் காட்டித்தான் 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல், அரட்டை உள்ளிட்ட ஆப்கள், கணக்குத் தொடங்கிய சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே வேலை செய்ய வேண்டும். 90 நாள் கெடு. கம்ப்யூட்டரில் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக லாக்-அவுட் ஆக வேண்டும். அரசு சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கம்போடியா, மியான்மர், லாவோஸ் மோசடிக் கூடாரங்களில் இந்திய எண்களை வைத்துத்தான் கும்பல்கள் இயங்குகின்றன. வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கிய தமிழ் இளைஞர்களே அதற்கு சாட்சி.

ஆனால் இந்திய எண்ணில் வாட்ஸ்அப் வைத்துக்கொண்டு, போனில் வளைகுடா சிம் போட்டுப் பேசும் தொழிலாளியை யோசித்துப் பாருங்கள். ரோமிங்கில் இந்திய சிம் போனுக்குள் இருந்தால் பிரச்சினையில்லை என்கிறது அரசு. ஒரே சிம் போடும் போன் வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஊர் சிம்மை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது யார்? கூடாரம் நடத்தும் கும்பலுக்கு நூறு சிம்மை நூறு போனில் செருகுவது பெரிய செலவில்லை. நெருக்கடி நேர்மையான ஆளுக்குத்தான். இந்த விதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விலக்கு வேண்டும்.

குடிமகனை இவ்வளவு இறுக்கிக் கட்டும் அரசு, தன் காதை எந்த அளவுக்குக் கட்டுகிறது? 1996இல் உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். வழக்கில் ஒட்டுக்கேட்புக்கு வரம்பு வகுத்தது. 2017இல் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு இந்த வரிசையில் முக்கியமானது. லஞ்ச வழக்கு ஒன்றில், சென்னை கல்வி நிறுவன நிர்வாகி ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் உள்துறை பிறப்பித்த உத்தரவை அவர் ரத்து செய்தார். பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்குத்தான் சட்டம் அனுமதி தருகிறது. ரகசியமாக நடக்கும் குற்றத்தைத் துப்பறிவதெல்லாம் அதில் அடங்காது என்றார். பதிவான பேச்சு உரிய காலத்தில் மறுஆய்வுக் குழு முன் வைக்கப்படவும் இல்லை. குற்றம் பெரியதாச்சே என்று கோபம் வரலாம். அந்த அளவுகோலைத் தளர்த்தினால் அடுத்து யார் பேச்சையும் கேட்கலாம் என்பதால் தீர்ப்பு சரியே.

2024 டிசம்பரில் வந்த புதிய ஒட்டுக்கேட்பு விதிகளிலும் பழைய குறை அப்படியே இருக்கிறது. உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவுக்கு மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைவர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர். உறுப்பினர்களும் செயலாளர்களே. ஓலையைக் கொண்டுவந்தவர்களே அதை ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். அந்தக் குழுவில் நீதித்துறையிலிருந்து ஒருவராவது உட்கார வேண்டும். ஆண்டுக்கு எத்தனை உத்தரவு, எத்தனை நிராகரிப்பு என்ற எண்ணிக்கையையாவது நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்க வேண்டும். எண்ணிக்கையை வெளியிடுவதால் எந்த விசாரணையும் கெடப் போவதில்லை.